கையைப் பிடித்தால் என்ன கத்துவது

கம்பாலா நகரில் ஷேர் வேன்கள் நிற்கிற பழைய டாக்சி நிலையத்துக்குள் நுழைகிற பெண் தன் கை தன்னுடையது என்ற நினைப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வர வேண்டும். நன்சானா, கவெம்பே, ப்வயிசே என்று போகிற ஊர்ப் பெயரைத் தொண்டை கிழியக் கத்தி ஆள் ஏற்றுகிறவர்களில் ஒருவன் வலது கையை இழுப்பான், இன்னொருவன் இடது கையை இழுப்பான், இன்னொருவன் பையோடு சேர்த்து அவளையே தூக்கி வண்டியில் போடப் பார்ப்பான். எங்கே போகிறாய் என்று கேட்க வேண்டும் என்று ஒருத்தனுக்கும் தோன்றாது. பெண்களும் சிரித்துக்கொண்டேதான் கையை உருவிக்கொள்வார்கள். சிரிக்காதவளுக்குத் திமிர் பிடித்தவள் என்று பெயர் வந்துவிடும்.

நலுமன்சிக்குச் சிரிப்பு வரவில்லை. நிலையத்துக்கு மேலே உள்ள தெருவில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தாள் அவள். சாயங்காலம் கடை விட்டு நன்சானா வண்டி ஏற வேண்டுமென்றால் செருப்புக் கடைச் சந்து வழியாகத்தான் போயாக வேண்டும். சந்தின் முனையில் லுப்வாமா நிற்பான். நன்சானா வண்டிகளுக்கு ஆள் ஏற்றுகிறவன். மற்றவர்கள் பிடித்த கையைக் கொஞ்ச தூரத்தில் விட்டுவிடுவார்கள். இவன் விடமாட்டான். மணிக்கட்டைச் சுற்றி விரல்களைப் பூட்டிக்கொண்டு, சாராயமும் அவித்த முட்டையும் நாறுகிற வாயைக் காதோரம் கொண்டுவந்து, "எனக்கேத்த சைஸு வந்துடுச்சுடா" என்பான். சுற்றி நிற்கிற பயல்கள் ஈ என்று இளிப்பார்கள். வண்டியில் உட்கார்ந்த பிறகும் அவன் விரல் அச்சு கையில் ஈரமாக இருக்கும். மறுநாள் காலை கடைக்கு வந்ததும் முதல் வேலையாக, ஊசி போடும் முன் தேய்க்கிற ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து அந்த இடத்தைத் தேய்ப்பாள். தோல் உரிந்ததுதான் மிச்சம்.

வேறு வழியாகச் சுற்றிப் போகலாம். போய்ப் பார்த்தாள். அங்கே வேறொரு லுப்வாமா நின்றான். நிலையத்துக் காவல்காரரிடம் சொல்லலாம். அவர் லுப்வாமாவிடம் நெருப்பு வாங்கித்தான் சிகரெட்டே பற்றவைப்பார்.

இதெல்லாம் பழகிவிடும் என்று அவளும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் ஒருநாள் லுப்வாமா அதே வண்டியில் ஏறி நன்சானா வரைக்கும் வந்தான். அவள் இறங்கியதும் இறங்கினான். பின்னாலேயே நடந்து வந்து, அவள் வீட்டு வாசலில் இருந்த பச்சை இரும்புக் கதவைப் பார்த்து, "ஓ, பச்சை கேட்டா? நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனான். தனியாக வாடகைக்குக் குடியிருக்கிற பெண்ணுக்கு அந்த ஒரு வார்த்தை போதாதா? அன்று அவள் சமைக்கவில்லை. கதவுக்குக் குறுக்கே கட்டிலை இழுத்துப் போட்டுவிட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"சண்டை கத்துக்கடி" என்றாள் கெமிரெம்பே. மருந்துக்கடையில் கூட வேலை பார்க்கிறவள், நாட்டின் மேற்குப் பக்கத்திலிருந்து வந்தவள், எதற்கும் அசராதவள். "கராத்தே, குத்துச்சண்டை, என்னமோ ஒண்ணு. ஊர் முழுக்கச் சொல்லிக்கொடுக்கறாங்க. போய்ப் பாரு, எது ஒத்து வருதோ அதுல சேரு."

"எனக்கு ஒண்ணும் தெரியாதே."

"தெரிஞ்சா ஏன்டி கத்துக்கப் போறே? புதுசா வர்றவளுக்குன்னே வகுப்பு இருக்கு."

முதலில் கராத்தே. ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் சனிக்கிழமை தோறும் நடந்தது. செபுன்யா என்ற ஆசிரியர் இஸ்திரி போட்ட வெள்ளை உடையில் கோயில் பூசாரி மாதிரி நின்றார். சுவரில் மாட்டியிருந்த யாரோ ஒரு ஜப்பானியக் கிழவரின் படத்துக்கு எல்லாரும் குனிந்து வணங்கினார்கள். பிறகு ஜப்பான் மொழியில் எண்ணிக்கொண்டே காற்றைக் குத்தினார்கள். பிறகு மறுபடியும் குனிந்தார்கள். அடக்கம், பொறுமை, மனக்கட்டுப்பாடு என்று செபுன்யா பேசிக்கொண்டே போனார். நலுமன்சிக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. கையை உயர்த்தி, ஐயா என்கிற மரியாதையோடு கேட்டாள்.

"ஸெபோ, ஒருத்தன் கையைப் பிடிச்சா என்ன பண்ணணும்?"

"நல்ல கேள்வி, ந்யாபோ. இப்படி வாங்கம்மா." எல்லார் முன்னாலும் அவள் கையைப் பிடித்தார். எப்படித் திருக வேண்டும், எப்படி உருவ வேண்டும் என்று விளக்கினார். விளக்கம் முடிந்தது. கை முடியவில்லை. கட்டைவிரல் அவள் உள்ளங்கையில் மெதுவாகத் தடவிக்கொண்டிருந்தது. முகம் மட்டும் அந்த ஜப்பானியக் கிழவரைப் போலவே அமைதியாக இருந்தது. "உங்களுக்குத் தனியா வகுப்பு வச்சா நல்லா வருவீங்க" என்றார். சீ என்று அங்கேயே காறித் துப்பியிருக்கலாம். வெள்ளை உடைக்கு மரியாதை கொடுத்து வெளியே வந்துதான் துப்பினாள்.

அடுத்தது மலைமேல் உள்ள ஒரு ஹோட்டலில் உதைச்சண்டை. கெமிரெம்பேயும் கூட வந்தாள். பெரிய கண்ணாடி, பெரிய பாட்டு, பூவாசனை. காரில் வந்து இறங்கிய பெண்கள் இறுக்கமான உடையில் காற்றை உதைத்தார்கள். "எதிரியை நினைச்சுக்குங்க! உதைங்க!" என்று பயிற்சியாளர் குதித்தார். அங்கே ஒவ்வொருத்தியும் நினைத்துக்கொண்ட எதிரி அவளவள் தொப்பைதான். இடைவேளையில் பழச்சாறு குடித்துக்கொண்டிருந்த ஒருத்தியிடம் நலுமன்சி வாய்விட்டு லுப்வாமாவைப் பற்றிச் சொன்னாள். அந்தப் பெண் மிகவும் வருத்தப்பட்டாள். வருத்தப்பட்டுவிட்டு, "அப்ப நீங்க ஏன் டாக்சி நிலையத்துக்கெல்லாம் போறீங்க?" என்று கேட்டாள்.

"வாடி போலாம்" என்றாள் நலுமன்சி.

"எனக்குப் பாட்டு பிடிச்சிருக்குடி."

"நீ ஆடு. நான் கிளம்பறேன்."

மல்யுத்தம் நம்ம ஊர்க் கலைதானே, அதைக் கற்றுக்கொள் என்று மருந்து வாங்க வந்த ஒருவர் யோசனை சொன்னார். கட்டிப் பிடிக்கிறவனிடமிருந்து தப்பிக்க நினைப்பவள் முன்பின் தெரியாதவனைக் கட்டிப் பிடித்துப் புரள வேண்டுமாம். சொன்னவர் வாங்கிப் போனது மலச்சிக்கல் மாத்திரை. மூளைக்கும் ஏதாவது கொடுத்திருக்கலாம்.

கடைசியில் பள்ளத்துக் குடிசைப் பகுதியில் இருந்த குத்துச்சண்டைக் கூடம். கூடம் என்று சொன்னால் கூடத்துக்குக் கோபம் வரும். தகரக் கூரை, மண் தரை, கயிற்றில் தொங்குகிற மணல் மூட்டை. மூலையில் ஒரு வாளி. எல்லாரும் அதில்தான் துப்பினார்கள். ரத்தமும் சளியுமாக அது பாதி நிரம்பியிருந்தது. கூரைமேல் ஊர்க் குப்பையைத் தின்கிற அருவருப்பான பெரிய கொக்குகள், தொங்குகிற கழுத்துப் பையோடு, வாளியை எப்போது வெளியே கொட்டுவார்கள் என்று காத்திருந்தன. பயிற்சியாளர் கிராபிராவுக்கு முன்பற்கள் இல்லை. அவர் நீட்டிய கையுறைக்குள் நலுமன்சி கையை விட்டபோது யாருடைய வியர்வையோ விரலிடுக்கில் சளசளத்தது.

ஆனால் கிராபிரா அவளைத் தொடவில்லை. கையில் ஒரு குச்சி வைத்திருந்தார். தப்பாக நின்றால் குச்சியால் காலைத் தட்டினார். முழங்கை விரிந்தால் முழங்கையைத் தட்டினார். குச்சியின் நீளத்துக்கு இந்தப் பக்கம் அவர் வரவே இல்லை. அந்த நாற்றத்துக்குள்ளே அவளை நிற்க வைத்தது அது ஒன்றுதான்.

"இங்க அழகெல்லாம் கிடையாது, ந்யாபோ" என்றார், பல் இல்லாத வாயிலிருந்து காற்றும் எச்சிலுமாக. "நேரா ஒரு குத்து. மூக்கைப் பார்த்து. அதையே திரும்பத் திரும்பக் குத்து. தூங்கும்போதும் அதையே குத்து."

"கையைப் பிடிச்சுக்கிட்டான்னா?"

"அவன் கட்டைவிரல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கமா வெடுக்குன்னு இழு. பூட்டுக்கு வாய் அங்கதான். ஆனா குத்தறதுக்கு முன்னாடி கத்து. அடிவயித்துலேர்ந்து கத்து. ஜனம் திரும்பிப் பார்க்கும். ஜனம் பார்த்தா எவனும் விட்டுடுவான்."

அவர் ஆண். ஜனம் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. நலுமன்சிக்குத் தெரிந்திருக்க வேண்டும். இருந்தும் நம்பினாள். மாதக்கணக்கில் மணல் மூட்டையைக் குத்தினாள், "விடு!" என்று கத்தினாள். கொக்குகள் எழுந்து பறக்கிற அளவுக்குக் குரல் வந்துவிட்டது.

மழை விட்ட ஒரு சாயங்காலம் அது. சந்தில் சேறு. லுப்வாமா வழக்கம்போல மணிக்கட்டைப் பூட்டினான். "பச்சை கேட்டு, இன்னைக்கு உன் வீட்டுல என்ன சமையல்?"

கட்டைவிரல் பக்கமாக வெடுக்கென்று இழுத்தாள். கை விடுபட்டது. அவளாலேயே நம்ப முடியவில்லை. ஒரு நொடிதான். அவன் பின்னாலிருந்து இரண்டு தோளையும் பிடித்து இறுக்கினான். அவள் அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"விடுடா! என்னை விடு!"

சந்து முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கிராபிரா சொன்னது சரிதான், ஜனம் பார்த்தது. பார்த்துவிட்டுச் சிரித்தது. உயரத்தில் மாட்டிய செருப்புகளை இறக்குகிற கொக்கிக் கம்போடு நின்ற கடைக்காரி நகிகண்டா, "ஏன் தங்கச்சி ஊரைக் கூட்டறே? ஆசையாத்தானே பிடிக்கறான்? ஆளும் பார்க்க நல்லாத்தான் இருக்கான்" என்றாள். எவனோ சீட்டியடித்தான். லுப்வாமாவுக்கு உற்சாகம் வந்து இன்னும் இறுக்கினான். அவன் தாடி அவள் கழுத்தில் உரசியது.

குத்து, நேரான குத்து, தூக்கத்தில்கூடக் குத்திய குத்து, எதுவும் நினைவுக்கு வரவில்லை. வேறொன்று வாய்க்கு வந்தது. அந்த ஊரில் பிறந்த எல்லாருக்கும் தெரிந்த ஒன்று.

"திருடன்! திருடன்!"

அவ்வளவுதான். எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்கக் கூடாது. செருப்புக் கடையிலிருந்து வந்தார்கள், வண்டிகளிலிருந்து குதித்தார்கள், மாடியிலிருந்து இறங்கினார்கள். இப்போதுதான் சீட்டியடித்தவன் முதல் உதை கொடுத்தான். லுப்வாமா சேற்றில் விழுந்தான். நகிகண்டா கொக்கிக் கம்பால் முதுகில் சாத்தினாள். முட்டை சுருட்டிய சப்பாத்தி தின்றுகொண்டிருந்த ஒருவன் அதைக் கீழே வைக்காமல், மென்றுகொண்டே மிதித்தான். டை கட்டிய ஒருவர் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிதானமாக விலாவில் உதைத்துவிட்டு, பக்கத்தில் இருந்தவனிடம், "என்ன திருடினான்?" என்று கேட்டார்.

நலுமன்சிக்கு முதலில் இனித்தது. பொய் சொல்வானேன்? தன்னைப் பிடித்த அந்தக் கையை யாரோ மிதித்தபோது நன்றாகத்தான் இருந்தது. பிறகு சந்தின் அந்தக் கோடியிலிருந்து ஒருவன் பழைய டயர் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தான். டயர் எதற்கென்று அங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அதைத் திருடன் கழுத்தில் மாட்டி நெருப்பு வைப்பார்கள். பெட்ரோல் எங்கே என்று இன்னொருவன் கேட்டான்.

"நிறுத்துங்க! அவன் திருடன் இல்ல!" அவள் டயர்க்காரன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஒண்ணும் திருடல! என் கையைத்தான் பிடிச்சான்!"

"கையைப் பிடிச்சதுக்கா கூப்பிட்டே?" டயர்க்காரன் அவளை ஏதோ புழுவைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். "சரி விடு. இன்னைக்கு உன்கிட்ட திருடலன்னா நேத்து வேற யார்கிட்டயாவது திருடியிருப்பான்."

இவர்களிடம் உண்மையைச் சொல்லிப் பயனில்லை. உண்மைக்குக் காது கொடுப்பவன் டயர் உருட்ட மாட்டான். நலுமன்சி கூட்டத்துக்குள் புகுந்தாள். காலும் முழங்காலும் அவள்மேலும் பட்டன. சேற்றில் கிடந்தவன்மேல் விழுந்தாள். மாதக்கணக்காக யாரைத் தன்மேல் படவிடக் கூடாதென்று பாடுபட்டாளோ அவனை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். அவன் ரத்தம் அவள் கழுத்தில் வழிந்தது. அவன் மூச்சு, அதே சாராயம், அதே அவித்த முட்டை, அவள் வாய்க்குள்ளேயே வந்தது.

"என் புருஷன்! இவன் என் புருஷன்! அடிக்காதீங்க!"

ஓங்கிய கொக்கிக் கம்பு அப்படியே நின்றது. உதைக்க எடுத்த கால்கள் தரைக்கு வந்தன. பிறகு நகிகண்டாதான் முதலில் சிரித்தாள்.

"அட, வீட்டுச் சண்டையா! முன்னாடியே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன, முட்டாப் பொண்ணே?"

"புருஷன் மேல கோபம்னா திருடன்னா கத்துவாங்க?"

"எங்க வீட்டுக்காரிக்கு இந்த ஐடியா தோணாம இருக்கணும்டா சாமி!"

எல்லாரும் சிரித்துக்கொண்டே கலைந்தார்கள். சப்பாத்தி தின்றவன் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டான். டயர்க்காரன் மட்டும், இவ்வளவு தூரம் உருட்டி வந்ததற்குப் பலன் இல்லையே என்ற எரிச்சலோடு டயரைத் திருப்பி உருட்டிக்கொண்டு போனான். விடு என்றால் வேடிக்கை, திருடன் என்றால் கொலை, புருஷன் என்றால் மரியாதை. நலுமன்சி சாக்கடை ஓரமாகப் போய் வாந்தி எடுத்தாள். எடுத்து முடிப்பதற்குள் ஒரு கொக்கு இறங்கி அதைக் கொத்த வந்துவிட்டது.

"உயிரைக் காப்பாத்தியிருக்கே, பெரிய விஷயம்டி" என்றாள் மறுநாள் கெமிரெம்பே.

"அவன் உயிரை விடு. ஸ்பிரிட் பாட்டிலை எடு" என்றாள் நலுமன்சி. அன்று கழுத்து, கன்னம், காது என்று எல்லா இடத்தையும் தேய்த்தாள்.

லுப்வாமா கொஞ்ச நாள் கண்ணில் படவில்லை. அந்த நாட்களில் சந்தில் ஒரு பயலும் அவளைத் தொடவில்லை. வழிவிட்டார்கள். "வாங்க அண்ணி, அண்ணன் உடம்பு எப்படி இருக்கு?" என்று விசாரித்தார்கள். நகிகண்டா கடையிலிருந்தே, "லுப்வாமா பெண்டாட்டி, புருஷனுக்கு எலும்பு சூப் வச்சுக்கொடு!" என்று கத்தினாள். அவள் கைக்கு இப்போது மதிப்பு வந்திருந்தது, அது இன்னொருவனுடைய சொத்து என்பதற்காக. முன்பு பிடித்து இழுத்தபோதுகூட அவளுக்கு இவ்வளவு அருவருப்பாக இருந்ததில்லை.

பிறகு ஒருநாள் அவன் வந்தான். தலையில் கட்டு, உதட்டில் தையல். நன்றி சொல்வானோ என்று அவளுக்கு ஒரு பைத்தியக்கார எண்ணம் வந்து போனது. அவன் பழையபடி மணிக்கட்டைப் பூட்டினான்.

"பெண்டாட்டி!" என்றான் சந்துக்கே கேட்கிற மாதிரி. "ஊர் முன்னாடி நீயே சொன்னே, நான் சொல்லல. இன்னைக்கு ராத்திரி பச்சை கேட்டுக்கு வர்றேன். கதவைத் திறந்து வை. மாட்டுக்கறி வாங்கி வை."

எல்லாரும் பார்த்தார்கள். எல்லாரும் சிரித்தார்கள். ஒருத்தரும் இடத்தை விட்டு அசையவில்லை. புருஷன் பெண்டாட்டி விஷயம்.

நலுமன்சி இந்த முறை கத்தவில்லை. கத்தினால் என்னென்ன வரும் என்று பார்த்தாயிற்று. கட்டைவிரல் பக்கமாக வெடுக்கென்று கையை உருவினாள். ஒரு காலைப் பின்னால் வைத்தாள். முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டாள். நேராக ஒரு குத்து, மூக்கைப் பார்த்து.

லுப்வாமா செருப்புக் குவியல்மேல் உட்கார்ந்தான். ஓ என்று ஒரே ஆரவாரம். எழப் பார்த்தான். அதே குத்து. மறுபடியும் அதே குத்து. அவளுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

"ஐயோ, பிடிங்கடா! காப்பாத்துங்கடா!"

"நாங்க எப்படிப்பா வர்றது? உன் வீட்டு விஷயம்" என்றாள் நகிகண்டா, விழுந்த செருப்புகளைப் பொறுக்கிக்கொண்டே. "தங்கச்சி, கொஞ்சம் தள்ளி வச்சு அடி. சரக்கு வீணாகுது."

அவனுக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். மூக்கைப் பொத்திக்கொண்டு அலறினான். "இவ என் பெண்டாட்டி இல்ல! சத்தியமா இல்ல!"

"சத்தமாச் சொல்லு" என்றாள் நலுமன்சி. அவளுக்கு மூச்சு வாங்கியது.

"இவ எனக்கு யாருமே இல்ல! இவ யாருன்னே எனக்குத் தெரியாது!"

"அப்ப பச்சை கேட்டு?"

"தெரியாது! எந்தக் கேட்டும் தெரியாது! நன்சானா பக்கமே வரமாட்டேன்!"

"விவாகரத்து ஆயிடுச்சுடோய்!" என்று எவனோ கத்தினான். சந்து கைதட்டியது. டயர்க்காரனும் அந்தக் கூட்டத்தில் நின்று கைதட்டினான். கொலைக்கு வந்த அதே முகங்கள், அதே இளிப்பு. நலுமன்சிக்கு வெற்றி என்று ஒன்றும் தோன்றவில்லை. விரல் முட்டிகளில் ஒட்டியிருந்த ரத்தத்தைப் பாவாடையில் துடைத்தாள். துடைத்த இடத்தைப் பார்த்ததும் பாவாடையையும் எரித்துவிட வேண்டும் போலிருந்தது. ஆனால் பச்சை கேட்டுக்கு இனி அவன் வரமாட்டான். அதுவரைக்கும் சரி. யாரையும் பார்க்காமல் நன்சானா வண்டியை நோக்கி நடந்தாள்.

வண்டிக்குப் பக்கத்தில் புதிதாக ஒருவன் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தான். நடந்ததையெல்லாம் அவனும் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் நின்றான். இவள் இப்போது யாருடைய பெண்டாட்டியும் இல்லை என்று அவன் காதாலேயே கேட்டிருந்தான்.

"நன்சானாவா, கண்ணு?" என்று அவள் கையைப் பிடித்தான்.

நலுமன்சி ஒரு காலைப் பின்னால் வைத்தாள்.